குதிரைக்குப் போட்ட பாதை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாரிசில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான், மனைவி, பத்து வயது மகள். கோடையில் ஒரு வாரம் சைக்கிளில் போக ஆசை. கார் பக்கத்திலேயே வரக்கூடாது. ஆறு, வயல், சிறு ஊர்கள் போதும். தார் இல்லாத சரளைப் பாதையாக இருந்தால் மகிழ்ச்சி. எங்கே போவது? இதற்கென்று கிராவல் சைக்கிள் வாங்கியே ஆக வேண்டுமா?"

இரண்டாவது கேள்விக்கு ஒரு வரி போதும்: வாங்க வேண்டாம். ஏன் என்பது பின்னால் வரும். முதல் கேள்விக்குத்தான் நீண்ட பதில்.

பிரான்சில் சைக்கிள் வழி தேடுகிறவர்கள் செய்யும் முதல் பிழை, இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்வது. ‘வெலோரூத்’ என்றால் சைக்கிள்காரர்களுக்கென்று பலகை நட்டுக் காட்டப்பட்ட நெடுவழி. அது பாதித் தூரம் சாதாரணக் கிராமச் சாலையில் போகலாம்; டிராக்டரும் வரும், காரும் வரும். ‘வுவா வேர்த்’, அதாவது பசுமை வழி, வேறு. 2004 முதல் போக்குவரத்துச் சட்டத்திலேயே அதற்கு இலக்கணம் உண்டு: மோட்டார் இல்லாத வண்டிகள், நடப்பவர்கள், குதிரையில் போகிறவர்கள் ஆகியோருக்கு மட்டுமான பாதை. நீலச் சதுரப் பலகையில் இந்த மூவரின் உருவமும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இந்தப் பலகைதான். லுவார் ஆற்றோரம் போகும் புகழ்பெற்ற 900 கிலோமீட்டர் வழியை நான் குறை சொல்லவில்லை; கோட்டைகளும் மாளிகைகளும் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அதில் கணிசமான பகுதி கார்களோடு பகிர்ந்துகொள்ளும் சிறு சாலை. பத்து வயதுக் குழந்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

தெற்கே ‘மிதி’ (Midi) என்ற கால்வாய் இருக்கிறதே என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பியேர்-போல் ரிக்கே என்பவர் 1666-இல் தொடங்கி, அவர் இறந்து சில மாதங்கள் கழித்து 1681-இல் முடிந்த கால்வாய். பெருமைக்குரியது, சந்தேகமில்லை. துலூசிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் வழவழப்பான தார்ப்பாதை. அதற்கு அப்பால் பல இடங்களில் மரவேர்கள் புடைத்து நிற்கும் ஒற்றையடித் தடம். பெரியவர்களுக்கே முதுகெலும்பை எண்ணிப் பார்க்கும் அனுபவம். போதாக்குறைக்கு, 2006-இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் கரையோரப் பிளேன் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்ட வேண்டி வந்தது. படங்களில் பார்க்கும் நிழல் எல்லா இடத்திலும் இப்போது இல்லை. ஜூலை வெயிலில் அந்த நிழலின் அருமை தெரியும்.

ஆகவே நான் உங்களை வடமேற்கே, பிரெத்தாஞ் பக்கம் அனுப்புகிறேன். ஆங்கிலத்தில் பிரிட்டனி என்பார்கள். அங்கே நாந்த்–பிரெஸ்த் கால்வாயும் அதோடு பொந்திவி என்ற ஊரில் வந்து சேரும் ப்ளாவே ஆறும் உங்களுக்காகவே வெட்டியவை போல இருக்கின்றன. உண்மையில் வெட்டியது ஆங்கிலேயக் கடற்படைக்குப் பயந்து. நெப்போலியன் காலத்தில் ஆங்கிலேயக் கப்பல்கள் கடற்கரையை மறித்து நின்றன. பிரெஸ்த், லோரியான், நாந்த் துறைமுகங்களுக்குள் கடல்வழியாகச் சரக்கு போய்வர முடியவில்லை. கடலில் முடியாவிட்டால் உள்நாட்டில் தண்ணீர் வழி போடுவோம் என்று 1811-இல் வேலை தொடங்கியது. முழு நீளமும் திறந்தது 1842-இல். அதற்குள் நெப்போலியனும் போய்ச் சேர்ந்துவிட்டார், பகையும் போய்விட்டது. போர்ப் பயத்தில் பிறந்த கால்வாயில் கடைசியில் ஓடியது தானியமும் மரமும் கற்பலகையும்தான்.

இது முழுக்க மண்ணை வெட்டி உண்டாக்கிய கால்வாய் அல்ல. சுமார் 360 கிலோமீட்டரில் பெரும்பகுதி ஏற்கெனவே இருந்த ஆறுகளே. ஏர்த்ர், இசாக், ஊஸ்த், ப்ளாவே, ஓல்ன் என்று ஆறாறாகப் பிடித்து, அணை கட்டி, நீர்மட்டத்தைத் தூக்கிப் படகு போக வசதி செய்தார்கள். ஆறும் ஆறும் சந்திக்காத இடத்தில் மட்டும் வெட்டி இணைத்தார்கள். அதனால் உங்கள் பக்கத்தில் ஓடுவது அளவெடுத்த வாய்க்காலாக இல்லாமல், வளைந்து நெளிந்து, பாறைக்குக் கீழும் ஓக் காட்டுக்கு நடுவிலும் புகுந்து போகும் உண்மையான ஆறு.

பாதை சமமாக இருப்பதற்கும் காரணம் இதுவே. படகைக் கரையிலிருந்து குதிரை இழுத்தது. குதிரை வாங்க வசதியில்லாத படகுக்காரர் தானே தோளில் பட்டையை மாட்டிக்கொண்டு இழுத்தார். மனைவி மக்களும் சேர்ந்து இழுத்தார்கள். பாரம் இழுக்கிறவனுக்கு ஏற்றம் ஆகாது. அதனால் நீரோரம் நீர்மட்டத்திலேயே ஒரு பாதை போட்டார்கள். ‘ஷெமன் த அலாழ்’ என்பது அதன் பெயர். நாம் இழுவைப் பாதை என்று சொல்லலாம். பிரெத்தாஞ் உள்நாட்டுச் சாலைகள் ஓயாமல் ஏறி இறங்குபவை. அதே நிலத்தில் ஆற்றோரமாகப் போனால் ஏற்றம் என்பதே மதகுகளில் மட்டும்தான். இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டிக்குள் படகை நிறுத்தி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ மேலேற்றுவார்கள், கீழிறக்குவார்கள். பிரெஞ்சில் ‘எக்லூஸ்’. அதைத்தான் மதகு என்கிறேன். ஒவ்வொரு மதகுக்கும் பக்கத்தில் பாதை இரண்டு மூன்று மீட்டர் ஏறும். பிறகு அடுத்த மதகு வரை தட்டையாகக் கிடக்கும்.

இப்போது சரளை பற்றி. ‘கிராவல்’ என்றதும் நம் ஊர்ச் சாலை வேலைக்குக் கொட்டிவைத்த ஜல்லியை நினைத்துவிடாதீர்கள். இங்கே இருப்பது பொடித்த கல்லும் மணலும் சேர்த்துப் பரப்பி உருளை ஓட்டி இறுக்கிய பரப்பு. காய்ந்திருக்கும்போது தாருக்கும் இதற்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. சக்கரத்துக்கடியில் மெல்லிய நொறுநொறுப்புச் சத்தம் மட்டும் கூடவே வரும். மழை பெய்தால் கதை வேறு. வெளிறிய சேறு பின்சக்கரத்திலிருந்து கிளம்பி முதுகு முழுக்கக் கோலம் போடும். பிரெத்தாஞ்சில் மழை பெய்யுமா என்று கேட்காதீர்கள். மட்கார்ட் இல்லாத சைக்கிளில் போகிறவரை அங்குள்ளவர்கள் இரக்கத்தோடு பார்ப்பார்கள்.

அதனால்தான் கிராவல் சைக்கிள் வேண்டாம் என்றேன். வளைந்த கைப்பிடி, மெல்லிய சட்டம், பந்தய வேகம் எல்லாம் இங்கே பயன்படாத ஆடம்பரம். மட்கார்டும் பின்கேரியரும் உள்ள சாதாரண ஊர் சைக்கிளே போதும். டயர் மட்டும் 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். காற்றைக் கல்லாக அடைக்காதீர்கள். 40 மில்லிமீட்டர் டயருக்கு 3 பார் அழுத்தம் ஏராளம், மகளின் டயரில் இன்னும் குறைவாக. பஞ்சர் அபாயம் சரளைக் கல்லால் அல்ல, வேலிமுள்ளால். இலையுதிர் காலத்தில் முள்வேலிகளை இயந்திரம் வைத்துக் கத்தரிப்பார்கள். துண்டுகள் பாதையில் சிதறிக் கிடக்கும். கோடையில் தொல்லை குறைவு. ஆளுக்கு ஒரு ட்யூப் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை ஒன்று, யாரும் சொல்லாதது. சமதளம் என்பது சுகம் மட்டுமல்ல. ஏற்றம் இல்லை என்றால் இறக்கமும் இல்லை. இறக்கம் இல்லை என்றால் காலை நிறுத்திவிட்டு இருக்கையிலிருந்து எழுந்து நிற்கும் அந்த அரை நிமிடமும் இல்லை. நாள் முழுக்க மிதித்துக்கொண்டே, ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டே போவீர்கள். முதன்முதலாக அங்கே போனபோது, மலைச்சாலைகளில் நூறு கிலோமீட்டர் ஓட்டிய திமிரில் எழுபது கிலோமீட்டர் ஒரே மூச்சில் போனேன். கால் வலிக்கவில்லை. அன்றிரவு நின்றுகொண்டே சாப்பிட்டேன். மதகு வரும்போதெல்லாம் இறங்கிவிடுங்கள், அதுதான் மருந்து. நல்லவேளையாக மதகுகளுக்குப் பஞ்சமில்லை.

வழியைச் சொல்கிறேன். பெரும்பாலோர் ரெடோனில் தொடங்கி வடமேற்காகப் பொந்திவிக்குப் போகிறார்கள், பாரிசிலிருந்து ரெடோனுக்கு ரயில் வசதி என்பதால். நான் நேர்மாறாகப் போகச் சொல்வேன். அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும். ஏற்றமில்லாத நாட்டில் காற்றுதான் மலை. லோரியானுக்குப் பக்கத்திலுள்ள என்போன் என்ற ஊரில் தொடங்கி, ப்ளாவே ஆற்றை எதிர்த்து வடக்கே பொந்திவிக்குப் போய், அங்கிருந்து தென்கிழக்காக ரெடோனுக்கு இறங்கினால், பயணத்தின் நீண்ட பாதியில் காற்று உங்கள் முதுகில் கைவைத்துத் தள்ளும். மொத்தம் சுமார் 170 கிலோமீட்டர். தனியாக என்றால் மூன்று நாள். குழந்தையோடு ஆறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

என்போனில் கோட்டைச் சுவரைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரைக்கு இறங்குங்கள். கடலின் ஏற்றவற்றம் அந்த ஊர்வரை வரும். முதல் மதகைத் தாண்டியதும் அது நின்று, ஆறு அசையாத கண்ணாடியாகிவிடும். முதல் நாள் 20 கிலோமீட்டர், பொன்-ஓகான் வரை போதும். மறுநாள் காட்டு வழி. சேன்-நிக்கொலா-தேசோ என்ற சிற்றூருக்கு அருகே ஆறு ஒரு குன்றைக் கட்டிப்பிடித்தாற்போலச் சுற்றிப் போகிறது. அந்தக் குன்றின் அடியில், பாறையோடு பாறையாக ஒட்டிக் கட்டிய சேன்-ழில்தா சிற்றாலயம். ஆறாம் நூற்றாண்டில் ழில்தா என்ற துறவி அங்கே தங்கித் தவம் செய்தார் என்பது ஐதீகம். தட்டினால் மணிபோல ஒலிக்கும் கல் ஒன்று அங்கே இருக்கிறது. கோயில் மணிக்குப் பதில் அந்தக் கல்லைத்தான் தட்டினாராம். நம் ஊர்க் கோயில்களில் இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லை விட்டு நகர மனம் வராது.

பொந்திவியில் நெப்போலியன் மறுபடியும் எதிர்ப்படுவார். பழைய ஊரின் கோணல் தெருக்களுக்குப் பக்கத்தில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல ஒரு புதிய ஊரைக் கட்டச் சொல்லி, நெப்போலியன்வில் என்று பெயரும் வைத்தார்கள். ஆட்சி மாறியபோதெல்லாம் பெயரும் மாறி, கடைசியில் பழைய பெயரே நிலைத்தது. இங்கிருந்து பயணிகள் ரயில் கிடையாது, பஸ்தான். ஆகவே பாதியில் கைவிட நினைத்தால் பொந்திவிக்கு முன்பே நினைத்துவிடுங்கள்.

பொந்திவிக்கும் ரொஆனுக்கும் நடுவே ப்ளாவே படுகையிலிருந்து ஊஸ்த் படுகைக்கு மாற வேண்டும். நடுவில் இருப்பது இல்வேர்ன் மேடு. சுமார் 25 கிலோமீட்டருக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட மதகுகள் படிக்கட்டுப் போல ஏறி இறங்குகின்றன. இந்த ஒரு நாள்தான் உங்கள் மகள் நினைவில் வைத்திருக்கப்போகும் நாள் என்று பந்தயம் கட்டுவேன். எண்ணச் சொல்லுங்கள். மதகோரத்தில் ஆங்காங்கே ஒரு வீடு, வீட்டு முன்னால் பூந்தொட்டிகள், சில இடங்களில் பழைய மரப்படகு நிறைய ஜெரேனியம். மேட்டில் தண்ணீருக்கு எங்கே போனார்கள் என்று நீங்கள் கேட்டால் அது சரியான கேள்வி. மதகு திறக்கும்போதெல்லாம் உச்சியிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் இறங்கிவிடுமே. அதை ஈடுகட்ட, வடக்கே பொஸ்மெலெயாக் ஏரியில் நீரைத் தேக்கி, அறுபது கிலோமீட்டருக்கும் அதிகமாக மலைச்சரிவைச் சுற்றிச் சுற்றி வரும் ஓர் ஒல்லியான வாய்க்காலில் மெதுமெதுவாகக் கொண்டுவந்தார்கள். அந்த வாய்க்கால்கரையும் இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான பாதை.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் பொந்திவியிலிருந்து வடக்கே கெர்லெதான் ஏரிக்குப் போய் வாருங்கள். 1930-இல் முடிந்த மின் அணை, கால்வாயை நடுவில் வெட்டி, 17 மதகுகளைத் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டது. நாந்திலிருந்து பிரெஸ்துக்குப் படகு போகும் கனவு அதோடு முடிந்தது. 2015-இல் பராமரிப்புக்காக ஏரியை வடித்தபோது சேற்றிலிருந்து பழைய மதகுகளும் வீட்டுச் சுவர்களும் மரக்கட்டைகளும் வெளியே வந்தன. பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் போனார்கள். இழுவைப் பாதை மூழ்கிவிட்டதால், அங்கே சைக்கிள் வழி பழைய மீட்டர் பாதை ரயிலின் தடத்தில் போகிறது. பக்கத்தில்தான் தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்கள் மூச்சிரைக்க ஏறும் மூர்-த-பிரெத்தாஞ் மேடு. அதைக் கீழே நின்று பார்த்து வணங்கிவிட்டுத் திரும்புவது குடும்பத்தின் ஒற்றுமைக்கு நல்லது.

ரொஆனுக்குப் பிறகு ஊஸ்த் ஆறு அகன்று, சோம்பலாக ஓடும். ஜோஸ்லனில் ஒரு வளைவு திரும்பியதும் கூம்புக் கூரை போட்ட மூன்று கோபுரங்கள் பாறையிலிருந்து நேராக எழுந்து ஆற்றைப் பார்த்து நிற்கும். ரொஆன் பிரபுக் குடும்பத்தின் கோட்டை. இன்றும் அவர்கள் வசம்தான். சாலை வழியே காரில் வருகிறவர்களுக்கு அது ஊருக்குள் இருக்கும் ஒரு மாளிகை. ஆற்றுவழி வருகிறவனுக்குத்தான் அது கோட்டை. அடுத்து மாலெஸ்த்ருவா, மரச்சட்ட வீடுகளும் ஊர் நடுவே மதகும் உள்ள சின்ன நகரம். ஒரு இரவு தங்கத் தகுந்தது. கடைசி நாள் 38 கிலோமீட்டர் அளவில். ரெடோனுக்குச் சற்று முன்னால் கருங்கல் முகடுகள் இரு கரையிலும் உயர்ந்து நிற்கும் ஈல்-ஓ-பீ என்ற இடத்தில் கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவர்களைப் பார்க்கலாம்.

சாப்பாடு. கார் இல்லாத பாதையில் ஆபத்து எது என்று கேட்டால், பூட்டிய ரொட்டிக்கடை என்பேன். சிற்றூர்களில் கடைகள் பன்னிரண்டரைக்கு மூடினால் மூன்று மணிக்கு மேல்தான் திறக்கும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல இடங்களில் முழு ஓய்வு. உணவகங்களில் ஒன்றரை மணிக்குப் பிறகு போய் நின்றால் சமையற்கட்டு மூடியாயிற்று என்று மிக மரியாதையாகச் சொல்வார்கள். மரியாதையால் வயிறு நிறையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று ஊர்களைத் தாண்டி, நாலாவது ஊரில் ஒரு மதகு வீட்டுப் பெண்மணி தந்த ஆப்பிளும் வெண்ணெய் ரொட்டியும்தான் என்னை மாலைவரை காப்பாற்றின. ஆகவே காலையிலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். மாலையில் கிரெப் கடை தேடுங்கள். ‘கலெத்’ என்பது பக்வீட் மாவில் தண்ணீரும் உப்பும் கலந்து, அகன்ற வட்ட இரும்புக்கல்லில் முறுகலாக வார்ப்பது. மகளுக்கு நீங்கள் எதுவும் விளக்க வேண்டியிருக்காது. கல்லைப் பார்த்ததுமே தோசை என்பாள். பன்றியிறைச்சி வேண்டாம் என்றால் முட்டை, சீஸ், காளான் வைத்துக் கேட்கலாம்.

குடிநீர் தீர்ந்தால் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். முதல் முறை எனக்கும் கை கூசியது. ‘குடிக்கத் தகாதது’ என்று பலகை இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

பாதையில் உங்களுக்குக் குறுக்கே வரப்போவது மீன் பிடிக்கிறவரின் தூண்டில். பத்து மீட்டருக்கும் நீளமான கழியைப் பின்னால் பாதை முழுக்க நீட்டி வைத்திருப்பார். பெல் அடித்தால் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். அடிக்காமல் போய் அவர் கழியை மிதித்தால், நீங்கள் பள்ளியில் படிக்காத பிரெஞ்சுச் சொற்களைக் கேட்கலாம். பெல் சட்டப்படியும் கட்டாயம். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2017 மார்ச் முதல் ஹெல்மெட்டும் கட்டாயம், பின்னிருக்கையில் உட்கார்ந்து வந்தாலும். எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் போன்ழூர் சொல்லுங்கள். நகரத்துப் பழக்கத்தில் பேசாமல் போனால் அங்கே அது முறைப்பு.

எப்போது போவது? மே கடைசி, ஜூன், செப்டம்பர் முதல் பாதி. உங்களுக்குப் பள்ளி விடுமுறைதான் வாய்ப்பு என்றால் ஜூலை தொடக்கம். அப்போது சூரியன் மறைய இரவு பத்து மணி தாண்டிவிடும், அவசரமே இல்லை. குளிர்காலத்தில் வேண்டாம். ஊஸ்தும் விலேனும் சந்திக்கும் ரெடோன் வெள்ளத்துக்குப் பேர்போன ஊர். 2025 ஜனவரி இறுதியில்கூடத் தெருக்களில் தண்ணீர் நின்றது. குளிர்கால வேலைகளுக்காகப் பாதையை அங்கங்கே அடைத்தும் வைப்பார்கள்.

ரயிலில் சைக்கிளுக்கு இடம் பிடிப்பதுதான் பயணத்தின் மிகக் கடினமான ஏற்றம். கழற்றாத சைக்கிளை ஏற்றும் டி.ஜி.வி. என்ற அதிவேக ரயில் பெட்டிகளில் இடம் மிகக் குறைவு, மூன்று சைக்கிளுக்கு ஒரே வண்டியில் கிடைப்பது அதிர்ஷ்டம். விற்பனை திறக்கும் நாளிலேயே, முதலில் சைக்கிளுக்கு இடம் இருக்கும் வண்டியைப் பார்த்து, பிறகு பயணத் தேதியை முடிவுசெய்யுங்கள். லோரியான் வரை டி.ஜி.வி., அங்கிருந்து என்போனுக்கு வட்டார ரயிலில் சில நிமிடம். திரும்பும்போது ரெடோனிலிருந்து பாரிசுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். நேரடி வண்டி கிடைக்காவிட்டால் ரென் வரை வட்டார ரயிலில் வந்து மாறிக்கொள்ளலாம். ரெடோனில் கால்வாய்க்கும் ரயில் நிலையத்துக்கும் மிதித்தால் ஐந்து நிமிடம்தான். ஏறுவதற்கு முன் சைக்கிள்களைக் கழுவிவிடுங்கள்; அந்தச் சேறு பக்கத்துப் பயணியின் கோட்டில் ஒட்டிக் காய்ந்தால் லேசில் போகாது.